யாருக்குச் சொல்லப் போகிறாய்?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் 46 பேர். ‘தகவல் தொடர்பு’ என்று பருவத்துக்கு ஒரு பிராஜெக்ட் கொடுப்பேன். சார்ட்டில் செய்தித்தாள், விளம்பரம், நேர்காணல் என்று போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சலித்துவிட்டது. ஒரு பயிற்சியில், ‘மாணவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தட்டும்’ என்றார்கள். சரியென்று போன பருவத்தில், ‘தலைப்பு தண்ணீர், எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், போன், கம்ப்யூட்டர் எதுவும் பரவாயில்லை’ என்று விட்டுவிட்டேன். 31 பேர் பிரௌசிங் சென்டரில் ஒரே மாதிரி கலர் பிரிண்ட் எடுத்து வந்தார்கள். 6 பேர் யூடியூப் வீடியோவை இறக்கித் தங்கள் பெயரை ஒட்டினார்கள். 8 பேர் வீட்டில் போன் இல்லை என்று ஒன்றுமே செய்யவில்லை. மிச்சம் ஒரு பெண், தண்ணீர் லாரி வரிசையில் நடந்த சண்டையை அம்மாவின் போனில் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். ‘பழையபடி சார்ட்டே கொடுங்க’ என்கிறார் ஹெச்.எம். பிள்ளைகளுக்கு எவ்வளவு விருப்பம் கொடுக்கலாம்? கொடுக்கத்தான் வேண்டுமா?

— ஒரு தமிழாசிரியை, வடசென்னை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கணக்கில் அந்தத் தண்ணீர் லாரிப் பெண்தான் பிரச்சினை. என் கணக்கில், 46 பேரில் தகவல் தொடர்பு என்ற வேலையைச் செய்தவள் அவள் ஒருத்திதான். சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. கேட்பதற்கு ஒரு தெருவே இருந்தது. கேட்டவர்களுக்குச் சுருக்கென்று உறைக்கவும் செய்தது. அனுமதி கேட்காமல் எடுத்தது தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன். கலர் பிரிண்ட் எடுத்து வந்த 31 பேரும் யாருக்காக அதைச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்காக. பூமியின் பரப்பில் 71 சதவீதம் நீர் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தவருக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல் என்றால் எந்தப் பிள்ளையும் கடைக்காரரிடம்தான் போய் நிற்கும்.

அந்தக் கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை. பள்ளிக்கூடத் தெருவில் பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவருக்கு நம் பாடத்திட்டம் நம்மைவிட நன்றாகத் தெரியும். ‘எட்டாவதா? தண்ணீரா? நாலு பக்கம் போதுமா, ஆறு பக்கம் வேணுமா?’ என்று கேட்டு, ஸ்பைரலும் போட்டுக் கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் ஸ்டேஷனரி கடையில் படச் சார்ட் வாங்கி, கத்தரித்து ஒட்டிக் கொண்டுவருவார்களே, அதே வேலைதான். பசைக்குப் பதில் பிரிண்டர் வந்திருக்கிறது.

நானும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவள். ராயபுரத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பயிற்சிக்குப் போய்வந்த வேகத்தில், ஓட்டல் மெனு கார்டு மாதிரியே ஒன்று தயாரித்தேன். பவர்பாயின்ட், வீடியோ, வானொலி நாடகம், காமிக்ஸ், பொம்மலாட்டம், போஸ்டர், பாட்டு என்று பதினான்கு அயிட்டம். சொந்தக் காசில் லேமினேட் செய்து பெஞ்சுக்கு ஒன்று வைத்தேன். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றால், கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, “மிஸ், இதுல எது செஞ்சா மார்க் ஜாஸ்தி?” என்றான். மொத்த வகுப்பும் என் வாயையே பார்த்தது. நான் ஏதோ மழுப்பினேன். மறு வாரம் நாற்பது போஸ்டர் வந்து சேர்ந்தது. லேமினேட் செய்த கார்டுகளை அப்புறம் எல்லாரும் விசிறியாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன் கேட்டதில் தப்பே இல்லை. பதினான்கு வழியைக் காட்டிவிட்டு எங்கே போவது என்று நான் சொல்லவில்லை. சில வருடம் கழித்து, ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு நடந்தது என்னவென்று புரிந்தது. கடையில் 24 வகை ஜாம் வைத்தால் ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள், 6 வகை வைத்தால் வாங்குவார்கள் என்ற சோதனையை நீங்களும் எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கட்டுரையில் இன்னொரு சோதனை இருக்கிறது. நமக்கு அதுதான் நெருக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், ‘விருப்பம் இருந்தால் ஒரு கட்டுரை எழுதலாம், கூடுதல் மதிப்பெண் உண்டு’ என்றார்கள். ஒரு பிரிவுக்கு 6 தலைப்பு, இன்னொரு பிரிவுக்கு 30. ஆறு தலைப்பு கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் எழுதினார்கள். முப்பது கிடைத்தவர்களில் 60 சதவீதம் பேர். எழுதியதன் தரமும் ஆறு தலைப்பு கிடைத்தவர்களிடம்தான் மேலே இருந்தது. பல்கலைக்கழகப் பிள்ளைகளே முப்பதைப் பார்த்துத் திணறினால், ‘எப்படி வேண்டுமானாலும்’ என்று கேட்ட நம் எட்டாம் வகுப்பு என்ன செய்யும்?

அதற்காகச் சார்ட்டுக்குத் திரும்ப வேண்டாம். விருப்பத்தை எதில் கொடுக்கிறோம் என்பதை மாற்றிப் போடுங்கள். நாம் வழக்கமாகத் தலைப்பைப் பூட்டி வைத்துவிட்டுக் கருவியைத் திறந்துவிடுகிறோம். கருவியைக் கொஞ்சம் பூட்டி, ஆளைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.

முதல் வகுப்பில் கருவியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். போன் என்ற சொல் காதில் விழுந்ததுமே பிள்ளைகளின் மனசு ஃபில்டர், பின்னணிப் பாட்டு என்று ஓடிவிடும். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘யாருக்குச் சொல்லப் போகிறாய்?’ ‘எல்லாருக்கும்’ என்பார்கள். ஏற்காதீர்கள். ‘பொதுமக்கள்’, ‘சமுதாயம்’, ‘இளைய தலைமுறை’ எதையும் ஏற்காதீர்கள். பெயரும் முகமும் உள்ள ஒரு ஆள் வேண்டும். நாளை மாலைக்குள் அந்த ஆளிடம் பிள்ளை போய் நிற்க முடிய வேண்டும்.

நம் பக்கத்தில் அப்படி ஆட்களுக்கா பஞ்சம்? பக்கத்து போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு லாரி எந்தக் கிழமை வரும், குடத்தை எங்கே வரிசை வைப்பது என்று தெரியாது. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த தம்பிக்கு, ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு வீட்டைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரியாது. (‘கேட் மூடியிருந்துச்சு மிஸ்’ என்ற சாக்கு உங்களுக்குப் பாதியாவது குறையும்.) தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சியின் 1913-க்குப் பேச அம்மாவுக்குத் தயக்கம்; என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, புகார் எண்ணை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஒரு சின்னக் குறிப்பு கையில் இருந்தால் பேசிவிடுவார். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இலிருந்து இருக்கிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் ஏன் குடத்தோடு நிற்கிறோம் என்று குடிநீர் வாரியப் பொறியாளரைக் கேட்டு ஒரு பிள்ளை கடிதம் எழுதலாம். உங்கள் ‘தண்ணீர்’ தலைப்பு அப்படியே இருக்கிறது பாருங்கள்.

யாரையும் யோசிக்க வரவில்லை என்று சில பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். அவர்களை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்: ‘அம்மா, உனக்குப் புரியாத ஒன்று சொல், நான் கற்றுக்கொண்டு வந்து சொல்கிறேன்.’ இப்படிச் செய்தால் பிள்ளையின் விருப்பம் எங்கே போயிற்று என்று பயிற்சிக்காரர்கள் கேட்பார்கள். மேலே சொன்ன அதே இருவர் 1999-இல் ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். சொற்புதிர் விளையாட்டு. தானே தேர்ந்தெடுத்த புதிரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் நன்றாகப் போட்டார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளோ, ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று சொன்ன புதிரைத்தான் எல்லாவற்றையும்விட நன்றாகப் போட்டார்கள். இதைப் படித்து நான் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை, நீங்களும் படமாட்டீர்கள்.

ஆள் முடிவான பிறகு, இரண்டாம் வகுப்பில் கருவி. மூன்றே மூன்று. ஒன்றரை நிமிடக் குரல் பதிவு. ஒரு பக்க எழுத்து, கடிதமோ நோட்டீஸோ. கையால் வரைந்த படம் அல்லது வழி வரைபடம், அதை போனில் ஒரு போட்டோ. நான்காவதாக ஒன்று வேண்டும் என்று யாராவது வந்தால் காரணம் கேளுங்கள். “தாத்தாவுக்குக் காது கேக்காது மிஸ், பெரிய எழுத்துல ஸ்லைடு போட்டா படிப்பாரு” என்றால் அப்போதே சரி சொல்லிவிடுங்கள். “சூப்பரா இருக்கும் மிஸ்” என்றால் அடுத்த முறை பார்க்கலாம்.

வீடியோவை வேண்டுமென்றேதான் விட்டேன். முழுத் தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடமே நூறு எம்பியைத் தாண்டும். ஒரு நிமிடக் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் நாலு பேர் பங்கு போடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் வீடியோ என்றால் முகம் வரும், பக்கத்து வீடு வரும், சட்டை நன்றாக இல்லை என்ற கூச்சம் வரும். குரலில் அது எதுவும் இல்லை. வாயே திறக்காத பிள்ளை என்று நாம் முத்திரை குத்தியவர்கள் பலர் வெறும் குரல் என்றதும் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தியை இன்னும் மறக்கவில்லை. காசிமேட்டிலிருந்து வருவாள். ஆயா மீன் விற்பவர். புயல் காலத்தில் டிவியில் ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று சொல்லும்போதெல்லாம், “மூணுனா இன்னாடி?” என்று ஆயா கேட்பாராம், இவளுக்கும் தெரியாது. துறைமுகக் கூண்டுகள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை என்னவென்று தேடி எழுதி, குரல் பதிவாக ஆயாவுக்குப் போட்டுக் காட்டினாள். முதல் பதிவு இப்படித் தொடங்கியது: ‘ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு என்பது யாதெனில்...’ ஆயா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். “இன்னாடி, நியூஸ் வாசிக்கிற?”

மறுநாள் என்னிடம் வந்து திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். நான் திருத்தச் சொல்லவே இல்லை. ஆயா சொன்னது போதுமாக இருந்தது. இரண்டாவது பதிவில், “ஆயா, ஒண்ணுனா புயலு எங்கியோ தூரத்துல கீது, இப்பத்திக்கு நமக்கு ஒண்ணியும் இல்ல. மூணுனா நம்ம துறைமுகத்தாண்டயே காத்து மோசமா அடிக்கும்” என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனாள். பத்துதான் இருப்பதிலேயே பெரிய அபாயம் என்று நானே நினைத்திருந்தேன். அவள் பதினொன்றையும் சொன்னாள்: “பதினொண்ணுனா, புயல் ஆபீஸோட பேச்சே அறுந்துபோச்சுன்னு அர்த்தம் ஆயா.” உண்மைதான். எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்பதற்கான கூண்டு அது. முப்பது வருடம் தமிழ் நடத்தியவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இதில் நீங்கள் ஒரு சங்கடத்தைச் சந்திப்பீர்கள். தமிழாசிரியை என்பதால் கூடுதலாகவே சந்திப்பீர்கள். ‘கீது’வுக்கு மார்க் போடுவதா? நான் போடுவேன். ஆயாவிடம் போகும் பதிவில் ‘கீது’தான் சரியான தமிழ்; ‘இருக்கிறது’ என்றால் ஆயா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அதே பிள்ளை குடிநீர் வாரியத்துக்கு எழுதும்போது ‘லாரி வந்துகினு கீது’ என்று எழுதினால் சிவப்பு மையை எடுங்கள். எந்தத் தமிழை யாரிடம் எடுப்பது என்பதும் ஒரு தேர்வுதான் டீச்சர். நம் பிள்ளைகள் அதை நாள் முழுக்கச் செய்கிறார்கள். வகுப்புக்குள் வந்ததும் வீட்டுத் தமிழைச் செருப்போடு வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்லிப் பழக்கியது நாம்தான். போன் கீபோர்டில் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதிக்கொடுக்கிறதே, அதில் நம் பக்கத்துப் பேச்சைப் பேசவிட்டுப் பாருங்கள். என்னென்னவோ எழுதும். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை எழுத்துத் தமிழாகத் திருத்தச் சொல்லுங்கள். இலக்கண வகுப்பு தனியாக எடுக்க வேண்டியதில்லை.

போன் இல்லாத எட்டுப் பேருக்கு வருகிறேன். அந்த எட்டும் எட்டு இருக்காது. அப்பா போனை வேலைக்கு எடுத்துப் போய்விட்டு ராத்திரி ஒன்பதுக்கு வரும் வீடு, அண்ணன் தங்கச்சி கையில் போனைப் பார்த்தாலே முறைக்கும் வீடு, டச் உடைந்து பாதித் திரை தெரியாத வீடு எல்லாவற்றையும் சேர்த்தால் வகுப்பில் பாதி வரும். போன் உள்ளவர்களுக்குக் குரல், இல்லாதவர்களுக்குச் சார்ட் என்று பிரித்துவிட்டீர்களானால் கதை முடிந்தது. யார் வீட்டில் என்ன இல்லை என்பதை நாமே சுவரில் மாட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் பதிவு மொத்தமும் பள்ளியில்தான். உங்கள் போன், அல்லது வீட்டில் அலமாரியில் கிடக்கும் பழைய போன் ஒன்று போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, போனில் இருக்கும் ரெக்கார்டரைத் திறந்து வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே நாலு பைகளை அடுக்கி, மேலே ஒரு போர்வையைப் போட்டால் ஒலி நன்றாகவே வரும். கூட்ஸ் வண்டியின் ஹாரன் நடுவில் விழுந்தால் விழட்டும். வீட்டில் செய்ய வேண்டியது, ஆளிடம் பேசுவதும் குறிப்பு எடுப்பதும் மட்டும்.

இரண்டு இரண்டு பேராக விடுங்கள். 23 ஜோடி. ஒன்றரை நிமிடம் என்றால் மொத்தம் 35 நிமிடத்துக்குள் கேட்டுவிடலாம். நடுவில் மாறும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டு பீரியட். நேர வரம்பு வைக்காமல் 46 பேரையும் தனித்தனியாக விட்டீர்களானால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் காதில் இயர்போனோடு உட்கார வேண்டியிருக்கும். அப்புறம் ஹெச்.எம். சொல்லாமலே நீங்களாகச் சார்ட்டுக்குப் போய்விடுவீர்கள்.

மார்க்கை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள், என் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி யாரும் எழுந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடு ஒன்றுக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் நான் பிரிப்பது இப்படி: கேட்ட ஆளுக்குப் புரிந்ததா என்பதற்கு 4, வேறு எங்கும் கிடைக்காத சொந்த விவரம் இருந்தால் 3, முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் என்ன மாற்றினாய் என்பதற்கு 3. அழகுக்கு மார்க் இல்லை. பார்டர், மினுமினுப்பு, ஸ்பைரல் எதற்கும் இல்லை. புரிந்ததா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கேட்டவர் சொன்னதைப் பிள்ளை இரண்டு வரி எழுதி வரட்டும். அந்த இரண்டு வரியில் பொய் எழுத முடியாதா என்றால், முடியும். ஆனால் ‘ஆயா பாராட்டினார்’ என்பது எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். நிஜ ஆயாக்கள் யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை, குறைதான் சொல்வார்கள்.

வாட்ஸ்அப்பில் இப்போது மெட்டா ஏஐ என்று ஒரு நீல வளையம் வந்திருக்கிறதே, கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த பருவம் கேட்பீர்கள். பிடிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் தெருவுக்கு லாரி என்ன கிழமை வரும் என்று அதற்குத் தெரியாது. ஆயாவுக்கு எது புரியாது என்றும் தெரியாது. ஒரு நாள் நீங்களே வகுப்பில், கொருக்குப்பேட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று அதனிடம் கேட்டுப் பெரிய திரையில் காட்டுங்கள். தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அன்று வரும் தெம்பைப் பாருங்கள்.

கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். பயிற்சியில் சொன்னார்கள் என்பதற்காக என்றால் வேண்டாம். ஃபிரான்ஸில் செலஸ்தீன் ஃபிரெனே என்று ஒரு வாத்தியார் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டு, மணிக்கணக்கில் பேசிப் பாடம் நடத்த முடியாமல் போனவர். தெற்குக் கோடியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் 1920-களில் ஒரு குட்டி அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள். எதை அச்சடிப்பது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். எழுத்தைக் கோத்து அச்சடித்ததும் அவர்கள்தான். அச்சடித்ததை வேறு ஒரு ஊர்ப் பள்ளிக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. அன்றைக்கு அதுதான் புதுத் தொழில்நுட்பம். எழுதுவது அவரவர் விருப்பம், ஆனால் தபால் போகும் இடம் தெரியும். உங்களுக்கும் பழவேற்காட்டிலோ ஜவ்வாது மலையிலோ தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் இரண்டாம் சுற்றுக்கு அவர் வகுப்போடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டையும் தண்ணீர் லாரியையும் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு அதை விளக்குவது வேறு மாதிரி வேலை.

இனி அந்தச் சண்டை வீடியோ. அது ஸ்டேட்டஸில் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாவின் கோபம் மறையாது. அந்த அம்மாவிடம் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள். மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ‘பிள்ளையிடம் நான் சொல்லாமல் விட்டது என் தப்பு’ என்று நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் பாதி அடங்கிவிடும். உண்மையும் அதுதான். வகுப்பில் இனி ஒரு வழக்கம் வையுங்கள்: யாரைப் பதிவு செய்தாலும் பதிவின் முதல் வரியே, ‘உங்க குரலை வகுப்பில போட்டுக் காட்டலாமா?’ என்ற கேள்வியும் அவர் சொல்லும் பதிலும். ‘வேணாம்பா’ என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எந்தப் பதிவும், யாருக்காகச் செய்தோமோ அந்த ஆளைத் தவிர, பள்ளிக்கு வெளியே யாரிடமும் போகக் கூடாது. உங்கள் ஹெச்.எம். நாளைக்கே மனம் மாறி, ‘நல்லா இருக்கே, நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல போடலாமே’ என்பார். இடம் கொடுக்காதீர்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றே வைத்து, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வாட்ஸ்அப்பிலேயே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகக் கணக்குத் தொடங்க முடியாது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த எல்லையில்தான் நிற்பார்கள். அதனால் பிள்ளைகளைச் சேர்த்து குரூப் தொடங்க வேண்டாம். பெற்றோருக்கு ஒரு தாளில், என்ன செய்யப் போகிறோம், எங்கே வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்று மூன்று வரி எழுதி முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். பருவம் முடிந்ததும் சொன்னபடி அழித்துவிடுங்கள். இந்தத் தாளை ஹெச்.எம்.மிடம் முதலில் காட்டினால் அவர் பயமும் குறையும். பாவம், கத்தியதைக் கேட்டது அவர்தானே.

எப்போது தொடங்குவது? ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். தடை முடிந்தால் லாஞ்சில் ஏறிப் போய்விடுவார்கள், திரும்பிவரப் பல நாள் ஆகும். அப்பாவிடம் உட்கார்ந்து கேள்வி கேட்க அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அந்த ஒன்றிரண்டு வாரம்தான்.

அந்தத் தண்ணீர் லாரிப் பெண்ணுக்கு மட்டும் முதல் சுற்றில் ஒரு சலுகை கொடுங்கள். வரிசையில் ஏன் சண்டை வருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். சண்டை போட்ட இருவரிடமும் அனுமதி கேட்டு, தனித்தனியாகப் பேசவைத்து, வரிசையை எப்படி வைக்கலாம் என்று ஒரு பக்க நோட்டீஸ் எழுதட்டும். லாரிக்காரர் வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒட்ட முடிந்தால் ஒட்டட்டும். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.